பழைய மண்ணணை: சீரமைப்பதா, தாழ்த்துவதா, அகற்றுவதா?

மாலை வெயிலில் கரைமேல் நின்று பார்த்தால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் கிடக்கிறது. ஓரத்தில் படகு கட்டியிருக்கிறது. யாரோ தூண்டில் போட்டுக் காத்திருக்கிறார்கள். நீந்திக் களைத்த பிள்ளைகள் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது கரையின் மறுபக்கம் இறங்கி, கரையடியில் நின்று திரும்பிப் பாருங்கள். உங்கள் தலைக்கு மேலே நாலைந்து மீட்டர் உயரத்தில் அதே தண்ணீர் நிற்கிறது. உங்களுக்கும் அதற்கும் நடுவே மண்ணும் புல்லும் மட்டுமே இருக்கின்றன.

படகு விடவும் மீன் பிடிக்கவும் நீந்தவும் தனியார் வைத்திருக்கும் சிறு மண்ணணை பழையதாகிவிட்டால் அதை என்ன செய்வது என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும். பெரும்பாலும் கட்டியவர் உயிரோடு இருக்க மாட்டார். வரைபடம் இருக்காது. கரையடியில் புதிதாக ஓர் ஈரத்திட்டு தென்படும், அல்லது ஆய்வுத் துறையிலிருந்து கடிதம் வரும். உடனே எல்லோரும் செலவுக் கணக்கைப் பேசத் தொடங்குவார்கள். செலவு முக்கியம்தான். ஆனால் கரைமேல் நின்று கணக்குப் போட்டால் ஒரு விடையும், கரையடியில் நின்று கணக்குப் போட்டால் வேறு விடையும் வருகின்றன. குளத்தின் இன்பம் உரிமையாளருக்கு. உடைந்தால் வரும் கேடு கீழே குடியிருப்பவருக்கு. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் எல்லா வழிகளையும் ஒப்பிடப் போகிறேன்.

வழிகள் நான்கு. இருப்பது போலவே விட்டு, அவ்வப்போது ஒட்டுப்போட்டுக் கொண்டிருப்பது. முழுமையாகச் சீரமைப்பது. நீர்மட்டத்தை நிரந்தரமாகத் தாழ்த்திச் சிறிய குளமாக்குவது. அணையை அகற்றி ஓடையைப் பழையபடி ஓட விடுவது. விற்றுவிடுவது என்று ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் சொல்வார்கள். அது அணையைப் பற்றிய முடிவே அல்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் எடுத்துக்காட்டு அணையை வைத்துக்கொள்வோம். கரை 7 மீட்டர் உயரம். கலிங்கின், அதாவது குளம் நிரம்பியதும் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் வாயின், தளம் 6 மீட்டரில். அதாவது குளம் நிரம்பினால் ஆழமான இடத்தில் 6 மீட்டர் தண்ணீர், அதற்கு மேல் கரையில் 1 மீட்டர் மிச்சம். கலிங்கின் அகலம் 10 மீட்டர். நீர்ப்பரப்பு 4 ஹெக்டேர், ஏறத்தாழ பத்து ஏக்கர். பள்ளத்தாக்கைக் கூம்பு வடிவமாகக் கொண்டால் கொள்ளளவு 80,000 கன மீட்டர். 80,000 டன் எடை. “சின்னக் குளம்” என்று நாம் செல்லமாகச் சொல்வது இதைத்தான்.

இந்தக் கரை நிறைந்த குளத்தோடு உடைந்தால் என்ன ஆகும்? உடைப்பின் உச்சப் பாய்ச்சலைக் கணிக்க ஃப்ரோலிக் என்ற ஆய்வாளர் 1995இல் வெளியிட்ட சூத்திரத்தைப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் நம் எண்களை இட்டால் நொடிக்குச் சுமார் 150 கன மீட்டர் வருகிறது. இது தோராயம்தான், உண்மை இதைவிடக் கூடலாம், குறையலாம். ஆனாலும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓர் ஓடையில், முன்னறிவிப்பில்லாமல், நள்ளிரவில், நொடிக்கு 150 கன மீட்டர் இறங்கினால் அந்த ஓடையோரத்து வீட்டில் தூங்குபவர் எழுந்து ஓட நேரம் கிடைக்காது.

மண்கரை எப்படிச் சாகிறது

சிறு மண்ணணைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் உடைகின்றன. ஒன்று, பெருமழையில் கலிங்கு போதாமல் தண்ணீர் கரையைத் தாண்டி வழிவது. கான்கிரீட் சுவர்மேல் தண்ணீர் வழிந்தால் சில மணி நேரம் தாங்கும். மண்கரை தாங்காது, வெளிச்சரிவை அரித்து, மேலிருந்து பிளந்துவிடும். மற்றது உள்ளரிப்பு. கரைக்குள் ஊறும் தண்ணீர் மண்துகளைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வெளியேறத் தொடங்கினால், உள்ளே ஒரு துளை உருவாகி, வெளியிலிருந்து உட்பக்கம் நோக்கி நீண்டுகொண்டே போகும். தெளிந்த கசிவு எல்லா மண்கரையிலும் உண்டு, அளவு மாறாதவரை அதோடு வாழலாம். கசிவு கலங்கலாக வந்தால் கரை கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

பொழுதுபோக்கு அணைகளுக்கென்றே தனியான நோய்களும் உண்டு. அவற்றைப் பாடமாகக் காட்டியது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த சவுத் ஃபோர்க் அணை. கால்வாய்ப் போக்குவரத்துக்காக அரசு கட்டிய அந்த மண்ணணை, கால்வாய் வழக்கொழிந்தபின் கைமாறிக் கைமாறி, 1879இல் பெருஞ்செல்வர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கத்தின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே அடிமட்டத்தில் இருந்த வார்ப்பிரும்பு வடிகுழாய்களைப் பழைய இரும்பாக விற்றிருந்தார்கள். ஆபத்து நேரத்தில் குளத்தை இறக்க வழியில்லாமல் போயிற்று. கரைமேல் வண்டிகள் எளிதாகப் போகவேண்டுமென்று கரையின் மேல்தளத்தைத் தாழ்த்தினார்கள். வளர்ப்பு மீன்கள் தப்பிவிடக் கூடாதென்று கலிங்கின் குறுக்கே வலைத்தடுப்பு வைத்தார்கள்; வெள்ளத்தில் குப்பையும் கட்டையும் வந்து அதில் அடைத்துக்கொண்டன. 1889 மே 31 அன்று கரை வழிந்து உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரமும் அதன் சுற்றுப்புறமும் 2,200க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தன.

அது 20 மீட்டருக்கும் உயரமான அணை, நம்முடையது சிறியது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அங்கே செய்த தவறுகளின் பட்டியலைப் பாருங்கள்: வண்டித் தடத்துக்காகக் கரையைத் தாழ்த்தியது, மீனுக்காகக் கலிங்கை மறித்தது, வடிகுழாய் இல்லாமலே இருந்தது. கோடையில் கூடுதல் ஆழம் வேண்டுமென்று கலிங்கின் குறுக்கே பலகை அடைக்கும் பழக்கத்தையும் சேர்த்தால், எந்தச் சிறு பொழுதுபோக்குக் குளத்திலும் இவற்றில் குறைந்தது இரண்டு இருக்கும். எல்லாம் நல்ல மனத்தோடு, இன்பத்துக்காகச் செய்தவை.

இருப்பது போலவே விடுவது

இதற்குச் செலவில்லை என்று நினைப்பதுதான் முதல் பிழை. கரைக்கு வயதாகிறது. 1960களிலும் 70களிலும் கட்டிய பல சிறு அணைகளில் மதகுக்குழாயாக, அதாவது குளத்து நீரை வெளியே விடக் கரைக்குள் செல்லும் குழாயாக, நெளிவுத் தகட்டுக் குழாயைப் புதைத்தார்கள். அதன் ஆயுள் பொதுவாக 25 முதல் 50 ஆண்டு. துருப்பிடித்த குழாயில் ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள மண் குழாய்க்குள் விழுந்து போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் கரைமேல் குழி விழும்போதுதான் தெரியும்.

மழைக்கணக்கும் நம் பக்கம் இல்லை. “நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்” என்ற சொல் ஏமாற்றக்கூடியது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் அதற்குப் பொருள். முப்பது ஆண்டு ஒரு அணையை வைத்திருந்தால் அந்த வெள்ளத்தை ஒருமுறையேனும் சந்திக்க 26 விழுக்காடு வாய்ப்பு. நம் எடுத்துக்காட்டு அணையின் கலிங்கு, கரை வழியும் தறுவாயில் நொடிக்குச் சுமார் 17 கன மீட்டர்தான் வெளியேற்றும். அது எத்தனையாண்டு வெள்ளம் என்பது நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பொறுத்தது. தெரியவில்லை என்றால், தெரிந்துகொள்ளாமல் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று கருதுகிறேன்.

இன்னொன்றும் மாறிக்கொண்டே இருக்கிறது: கீழ்ப்பகுதி. பல நாடுகளில் அணைகளை ஆபத்து வகையாகப் பிரிக்கிறார்கள். அந்த வகை அணையின் நிலையைப் பொறுத்ததல்ல; உடைந்தால் கீழே யாருக்கு என்ன நேரும் என்பதைப் பொறுத்தது. கட்டிய காலத்தில் கீழே வெறும் மேய்ச்சல் நிலம் இருந்திருக்கும். பிறகு இரண்டு வீடு வந்தது, ஒரு சாலை வந்தது, ஒரு முகாம் வந்தது. கரையில் ஒரு பிடி மண்ணும் மாறாமலேயே அணை மேல் வகைக்குப் போய்விடுகிறது. கடிதம் வந்ததும் “அறுபது ஆண்டாக நன்றாகத்தானே இருக்கிறது” என்று வருந்தும் உரிமையாளரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அறுபது ஆண்டு முன்பு அந்தக் கரையின் கீழே தூங்க யாரும் இல்லை.

1977 நவம்பர் 6 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவாவுக்கு அருகே கெல்லி பார்ன்ஸ் அணை நள்ளிரவு தாண்டி உடைந்து 39 பேர் இறந்தார்கள். மின்சாரத்துக்காகத் தொடங்கிப் பல கட்டமாக உயர்த்தப்பட்ட சிறு அணை. 1957க்குப் பிறகு அது பொழுதுபோக்குக் குளம் மட்டுமே. செங்குத்தான வெளிச்சரிவு, அதில் மரங்கள், சில ஆண்டுகளுக்கு முன்பே நேர்ந்த ஒரு மண்சரிவு, ஓயாத கசிவு எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்கும்போது பழகிப்போன குறைகள். அந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்க அரசு தனியார் அணைகளையும் உள்ளடக்கி ஏறத்தாழ 9,000 அணைகளை ஆய்வு செய்யவைத்தது.

விட்டுவிடுவது எப்போது பொருந்தும்? கரை தாழ்வானது, தண்ணீர் குறைவு, கீழே உங்கள் சொந்த வயலைத் தவிர வேறெதுவும் இல்லை, அதைப் பொறியாளர் எழுத்தில் உறுதி செய்திருக்கிறார் என்றால் மட்டும். அப்போதும் புல் வெட்டுவதும், விலங்குகள் தோண்டிய வளைகளை அடைப்பதும், கசிவை மாதந்தோறும் அளப்பதும் இருக்கவே இருக்கின்றன.

முழுச் சீரமைப்பு

குளத்தை அப்படியே காப்பாற்றும் ஒரே வழி இது. செலவும் இதற்கே மிக அதிகம். வேலை மூன்று இடத்தில் இருக்கும்: கலிங்கு, மதகுக்குழாய், கரை. இந்த மூன்றில் எதை மலிவாக முடிக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதில்தான் உரிமையாளர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழாயிலிருந்து தொடங்குகிறேன். மண்ணணையில் மிகவும் நலிந்த இடம் குழாயும் மண்ணும் சந்திக்கும் கோடு. குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண்ணைச் சரியாக இறுக்குவது கட்டும்போதே கடினம். அமெரிக்காவின் கொலராடோவில் 1903இல் கட்டிய லான் லேக் அணை 8 மீட்டர் உயரந்தான். 1982 ஜூலை 15 அன்று வடிகுழாயின் இணைப்பில் தொடங்கிய கசிவும் உள்ளரிப்புமே அதை உடைத்து மூன்று உயிர்களைக் கொண்டுபோயின. வானம் தெளிவாக இருந்த காலை அது.

பழைய குழாயைச் சரிசெய்யப் பெரும்பாலும் முதலில் முன்வைக்கப்படுவது, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி இடைவெளியில் சிமெண்டுக் கூழ் நிரப்புவது. கரையைத் தோண்ட வேண்டியதில்லை, விரைவில் முடியும், மலிவு. ஆனால் இது குழாயை மட்டுமே குணப்படுத்துகிறது. குழாய்க்கு வெளியே மண்ணில் ஏற்கெனவே பொந்து விழுந்திருந்தால் அது அப்படியே இருக்கும். வெளிப்பக்கத்தில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்காமல் இந்த வேலையை மட்டும் செய்து முடித்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. வடிகட்டி மணல் தண்ணீரை விடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கசிவைத் தடுப்பதைவிட மண்ணைத் தடுப்பதே பாதுகாப்பு என்பதை மண்ணணைத் துறை பட்டுத் தெரிந்துகொண்டது. முன்பு குழாயைச் சுற்றி கான்கிரீட் கழுத்துப்பட்டை வைத்துக் கசிவை மறிக்கப் பார்த்தார்கள். பட்டையைச் சுற்றி மண்ணை இறுக்க முடியாமல் போனதால் அது பல இடங்களில் கேட்டையே கூட்டியது. 1980களிலிருந்து அதன் இடத்தை வடிகட்டி பிடித்துக்கொண்டது.

குழாயைத் தோண்டியெடுத்துப் புதிதாகப் போடுவது நிறைவான தீர்வு. கரையை அகலமாக வெட்டி, மீண்டும் மெல்லிய அடுக்குகளாக மண் கொட்டி இறுக்கவேண்டும். குறுகலாக, செங்குத்தாக வெட்டி நிரப்பினால் பழைய மண்ணும் புதிய மண்ணும் ஒட்டாமல் விரிசல் விடும். மூன்றாவதாக, பழைய குழாயை முழுவதும் அடைத்துவிட்டு, கரையின் மேல் வழியாகச் சைஃபன் குழாய் போடுவதும் உண்டு. சிறு அணைக்கு அது நல்ல மாற்று. ஆனால் காற்றின் அழுத்தம் அனுமதிக்கும் உயரத்துக்கு மேல் சைஃபன் இழுக்காது. நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான் எல்லை. குழாய்க்கு வெளியே அழுத்தத்தோடு சிமெண்டுக் கூழைப் பீய்ச்சிக் கசிவை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அழுத்தம் மிகுந்தால் அதுவே கரையைப் பிளந்துவிடும்.

கலிங்குக்கு வருவோம். அகலமாக்குவது எளிது, இடம் இருந்தால். இடமில்லாதபோது குறுக்குச் சுவரை மடிப்பு மடிப்பாகக் கட்டினால் அதே அகலத்துக்குள் நீளம் கூடி, கூடுதல் தண்ணீர் போகும். இன்னொரு வகை, கரை வழிந்தாலும் உடையாதபடி வெளிச்சரிவு முழுவதையும் கான்கிரீட் கட்டிகளாலோ உருளையால் இறுக்கிய கான்கிரீட்டாலோ மூடுவது. நல்ல வடிவமைப்பு, செலவு கூடுதல். புல்வெளிச் சரிவின் அழகும் போய்விடும்.

கரையில் முதல் எதிரி மரம். நிழலுக்காக வளர்த்த மரத்தை வெட்டச் சொல்வது உரிமையாளருக்கு மிகவும் வலிக்கும் வார்த்தை என்று தெரியும். ஆனால் காற்றில் மரம் சாயும்போது வேரோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. பட்டுப்போன வேர் மக்கியபின் அந்த இடம் தண்ணீருக்கு வழியாகிறது. ஆகவே பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடுவதும் கூடாது. குளத்தை இறக்கி, வேரைத் தோண்டியெடுத்து, குழியை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்பவேண்டும். கரையில் புல் மட்டும் இருக்கட்டும். நிழல் வேண்டுமென்றால் கரையடியிலிருந்து தள்ளி மரம் வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் நீங்கள் பெறுவது என்ன? அதே குளம், அதே படகுத்துறை, இன்னும் ஐம்பது ஆண்டு. கூடவே அந்த ஐம்பது ஆண்டுக்குமான ஆய்வு, பராமரிப்பு, அவசரகாலத் திட்டம். சீரமைப்பை ஒருமுறைச் செலவாகக் கணக்கிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பல பேர் சேர்ந்து நடத்தும் குளமாக இருந்தால், பங்கு கேட்கும்போது எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளவேண்டும்.

தாழ்த்துவது

யாரும் விரும்பிக் கேட்காத வழி இது. “பாதிக் குளம் எதற்கு?” என்பதே முதல் எதிர்ப்பு. ஆனால் எண்களை எடுத்துப் பார்க்கும்போது எனக்கு மிகவும் பிடித்துப்போன வழியும் இதுதான்.

நம் எடுத்துக்காட்டு அணையில் கரையைத் தொடாமல் கலிங்கின் தளத்தை மட்டும் ஒரு மீட்டர் இறக்குகிறோம் என்று வையுங்கள். ஆழம் 6 மீட்டரிலிருந்து 5 ஆகிறது. நீர்ப்பரப்பு 4 ஹெக்டேரிலிருந்து 2.8 ஆகச் சுருங்குகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இழப்பு. கொள்ளளவோ 80,000 கன மீட்டரிலிருந்து 46,000 ஆக இறங்குகிறது. கலிங்கின் மேல் தண்ணீர் உயர 1 மீட்டருக்குப் பதில் 2 மீட்டர் இடம் கிடைப்பதால், அதே 10 மீட்டர் அகலத்தில் வெளியேற்றும் திறன் 17இலிருந்து 48 கன மீட்டராகிறது. மூன்று மடங்குக்கு அருகே. சாதாரண நாளில் உடைந்தால் வரும் உச்சப் பாய்ச்சல் 150இலிருந்து சுமார் 105 ஆகக் குறைகிறது.

இரண்டு மீட்டர் இறக்கினால் மாற்றம் இன்னும் கூர்மை. பரப்பு 1.8 ஹெக்டேர். கொள்ளளவு 24,000 கன மீட்டருக்கும் கீழே. உடைப்பின் உச்சம் சுமார் 65. கலிங்கின் திறன் 88. கரையின் உள்ளே ஊறும் தண்ணீரின் அழுத்தமும் குறைவதால் கரையடி ஈரமும் பெரும்பாலும் வடிந்துவிடும். சட்டத்தின் எல்லைக்கோடும் சில நாடுகளில் இந்த அளவில்தான் வருகிறது. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டின் நீர்த்தேக்கங்கள் சட்டம், இயற்கை நிலமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டரோ அதற்கு அதிகமாகவோ தேக்கக்கூடியவற்றைப் பெரிய நீர்த்தேக்கமாகக் கொள்கிறது. வேல்ஸில் அந்த எல்லை 10,000. ஆனால் ஒன்று: சட்டம் பார்ப்பது கலிங்குமட்டத் தண்ணீரையா, வெள்ளத்தில் தேங்கக்கூடிய அளவையா என்பதை உறுதி செய்துகொள்ளவேண்டும். எல்லைக்குக் கீழே போவதற்காக மட்டும் தாழ்த்துவதும் சரியான நோக்கமல்ல. கீழே உள்ள வீட்டுக்கு 24,000 கன மீட்டரும் அதிகம்தான்.

பெரும் வெள்ளத்தில் குளம் கரைத்தளம் வரை உயர முடியும் என்பதும் இதில் உள்ள குறை. அதனால் கலிங்கை இறக்குவதோடு கரையையும் ஓரளவு தாழ்த்தி, அந்த மண்ணை வெளிச்சரிவில் போட்டுச் சாய்வைக் குறைப்பது நல்லது. அடியில் முதலில் வடிகட்டி மணல் விரித்துவிட்டு. கூடுதல் தண்ணீர் பாயப்போகும் கலிங்கு வாய்க்காலும் அரிக்காதபடி கல் பரப்பவோ கான்கிரீட் போடவோ வேண்டியிருக்கும். கையில் மண்வெட்டியோடு ஒரு வார இறுதியில் முடிக்கிற வேலை அல்ல இது.

இனி இன்பத்தின் பக்கம். ஆழம் குறைந்தால் தண்ணீர் விரைவில் சூடேறும். வெயில் அடிமட்டம் வரை எட்டும் இடங்களில் களை மண்டும், பாசி படரும், ஆழ்நீர் மீன்கள் அல்லல்படும். படகு விசைப்படகாக இருந்தால் ஓட்ட இடம் போதாது. இவை உண்மையான இழப்புகள். ஈடுகட்ட ஒரு வழி உண்டு: குளம் இறங்கியிருக்கும் அந்தக் காலத்திலேயே உள்ளே வண்டலை அள்ளி, கரையிலிருந்து எட்டத்தில் ஆழமான பள்ளங்களும் சற்றுச் செங்குத்தான ஓரங்களும் அமைத்துக்கொள்வது. நிலமட்டத்துக்குக் கீழே தோண்டிய ஆழம் நீந்துபவருக்கும் மீனுக்கும் ஆழம்தான். கரை உடைந்தால் அது ஓடிவராது. பொழுதுபோக்குக்கு வேண்டியது ஆழம். ஆபத்தைத் தருவது உயரம். இரண்டையும் பிரித்துவிட முடியும் என்பதுதான் இந்த வழியின் அழகு.

அகற்றுவது

கீழே வீடுகள் இருந்து, சீரமைக்கப் பணமும் இல்லை, தாழ்த்தினாலும் ஆபத்து தீரவில்லை என்றால் இதுவே நேர்மையான முடிவு. ஒருமுறை செய்துவிட்டால் பராமரிப்பு, ஆய்வு, பொறுப்பு எல்லாம் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் மட்டும் இதுவரை 2,000க்கும் மேற்பட்ட அணைகளை அகற்றியிருக்கிறார்கள், பல சிறியவை. மீன்கள் மேலேறுகின்றன, ஓடை தன் வழியைத் தேடிக்கொள்கிறது.

ஆனால் நடுவில் ஒரு வெட்டுப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவது அகற்றுவது ஆகாது. அது நீங்களே செய்யும் உடைப்பு. முதலில் குளத்தை மெல்ல இறக்கவேண்டும். பிறகு பழைய ஓடைமட்டம் வரை, வெள்ளநீர் தேங்காமல் போகுமளவு அகலமாகவும், பக்கங்கள் சரியாதபடி சாய்வாகவும் வெட்டவேண்டும். மிகப் பெரிய தலைவலி வண்டல். பல பத்தாண்டுகளாக அடியில் சேர்ந்தது என்ன என்று சோதிக்காமல் திறந்துவிட்டால் அது கீழே போய்ச் சேரும். அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றின் ஃபோர்ட் எட்வர்டு அணையை 1973இல் அகற்றியபோது தேங்கியிருந்த நச்சு வண்டல் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு இறங்கி, நெடுங்காலச் சிக்கலாயிற்று. உங்கள் குளத்துக்கு மேலே தொழிற்சாலை இல்லாவிட்டாலும் பூச்சிமருந்து அடித்த வயல்கள் இருந்திருக்கலாம்.

குளம் போனால் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் இறங்கக்கூடும், வீட்டுமனையின் மதிப்பும் மாறும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே பேசாமல் செய்தால் மனக்கசப்பு நிச்சயம். மேலும், பிள்ளைப் பருவத்தில் நீந்தப் பழகிய இடத்தை இழப்பது எந்தக் கணக்கிலும் வராது. அந்தத் துக்கத்தை அற்பமாக நினைக்க எனக்கு மனமில்லை.

விற்பதைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்தில் ஆலைக்காகக் கட்டிய ஒரு நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்த ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கில், 1868இல் தீர்ப்பு வந்தது. தன் நலனுக்காக நிலத்தில் கேடு விளைக்கக்கூடிய ஒன்றைத் தேக்கி வைப்பவர், அது தப்பி வெளியேறினால், தன்மேல் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்பது அதன் சாரம். இன்று நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. ஆனால் அணையின் குறையை மறைத்து விற்றவர் தப்பிக்கொள்ளும் நாடு எதுவும் எனக்குத் தென்படவில்லை. குறையைச் சொல்லி விற்றால் வாங்குபவர் இதே நான்கு வழிகளுக்குத்தான் வந்து நிற்பார். விலையை மட்டும் நீங்கள் குறைத்திருப்பீர்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

கீழே ஆளில்லை, கரையும் திடமென்றால் தாழ்த்தாமலே, கலிங்கையும் குழாயையும் மட்டும் சரிசெய்து வைத்துக்கொள்வேன். கீழே ஒரு வீடேனும் இருந்தால், முழுச் சீரமைப்புக்குப் பணமும் அதன்பின் ஆண்டுதோறும் செலவழிக்கும் உறுதியும் கையில் இருந்தாலொழிய, தாழ்த்துவதைத்தான் முதலில் பொறியாளரிடம் கேட்பேன். ஒன்று, ஒன்றரை, இரண்டு மீட்டர் என்று மூன்று அளவுக்கும் உடைப்புக் கணக்கைப் போட்டுத் தரச் சொல்வேன். பெரும்பாலும் ஒரு அளவில் வெள்ளம் அந்த வீட்டு வாசலுக்குக் கீழே நின்றுவிடும். எந்த அளவிலும் நிற்கவில்லை என்றால் அகற்றுவதுதான்.

முடிவெடுக்க ஓராண்டு ஆகலாம். அதுவரை என்ன செய்வது என்பது பெரும்பாலும் விட்டுப்போகும் கேள்வி. கலிங்கில் அடைத்த பலகைகளையும் மீன்வலையையும் இன்றே எடுத்துவிடுங்கள். மதகைத் திறந்து நீர்மட்டத்தைப் பாதியளவுக்கு இறக்கிவையுங்கள். ஆனால் நாளொன்றுக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வேகமாக இறக்கினால் ஊறிக் கனத்திருக்கும் உட்சரிவு, தாங்கிநின்ற தண்ணீர் போனதும் சரிந்துவிடும். முழுவதும் வற்றவிட்டு ஆண்டுக்கணக்கில் வைக்கவும் வேண்டாம். களிமண் காய்ந்து வெடித்தால் மறுபடி நிரப்பும்போது அந்த வெடிப்பே வழியாகும். கசிவு இருக்கும் இடத்தில் ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து, வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது, தண்ணீர் தெளிவா கலங்கலா என்று வாரம் ஒருமுறை தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு கரையடியிலிருந்து ஓடையோடு கீழே நடந்து போங்கள். முதல் வீட்டின் கதவைத் தட்டி, நீங்கள் யார், மேலே இருப்பது என்ன, கரையில் ஏதாவது நேர்ந்தால் எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று சொல்லி, அவர்களுடைய எண்ணையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.